பழுதும் பரிகாரமும்

சிலப்பதிகாரத்தை வகுப்பில் நடத்தும்போது வழக்குரை காதையில் சற்று நின்றுவிடுவது என் வழக்கம். பாண்டியன் அவைக்குக் கண்ணகி கண்ணீரோடு மட்டும் சென்றவள் அல்லள். மற்றொரு சிலம்பைக் கையில் ஏந்திச் சென்றவள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று அவள் சொல்ல, அரசியின் சிலம்பின் பரல் முத்து என்று அரசன் சொல்ல, அவைமுன் கொண்டுவந்து வைத்த சிலம்பு உடைக்கப்பட்டதும் உண்மை தானே வெளிப்பட்டது. ஒரு கைவினைஞனின் வஞ்சத்தால் கணவனை இழந்தவள், சான்றைக் கையில் வைத்துக்கொண்டு நீதி கேட்டாள். மாணவர்களுக்கு இதை விளக்கி விளக்கி எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. ஆயினும் ‘சான்று’ என்னும் சொல்லின் முழுப்பொருளை நான் உணர்ந்த இடம் திருவள்ளூர்ச் சாலையோரம். ஆண்டு 2022. பானெட்டின் இடுக்கெல்லாம் ஆவி கிளம்ப நின்றுபோன ஒரு பழைய காரின் அருகில் என் அம்மாவைப் புளியமரத்து நிழலில் உட்கார வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன்.

அதைச் சொல்வதற்கு முன் எங்கள் ஊரையும் என் அத்தாவையும் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் திருத்தணி. மலைமேல் முருகன் கோயில். ஏறிச் செல்ல 365 படிகள். வண்டிகளுக்குத் தனிச் சாலை. சென்னையிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் நெடுஞ்சாலை ஊர் வழியே போகிறது. ஆந்திர எல்லை கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். 1960 ஏப்ரல் முதல் நாளுக்கு முன் எங்கள் ஊரே சித்தூர் மாவட்டத்தில் இருந்தது; ம.பொ.சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாகத் தமிழகத்தோடு இணைந்தது. ஆகவே கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் உருதுவும் கலந்தே ஒலிக்கும். ஆடிக் கிருத்திகையிலும் ஆண்டின் கடைசி நாளில் நிகழும் படித்திருவிழாவிலும் ஊர் கொள்ளாத கூட்டம். கூட்டத்துக்கு ஏற்ற வண்டிகள். வண்டிகளுக்கு ஏற்ற பட்டறைகள். நகரியிலிருந்தும் வண்டிகள் பழுது பார்க்க இங்கே வருவதுண்டு.

என் அத்தா மலையடிவாரத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தார்கள். வாடகைக்கு விடுவதும் பழுது பார்ப்பதும் தொழில். கூட இரண்டு பையன்கள் வேலை செய்தார்கள். 1990ஆம் ஆண்டு ஆடி மாதம். எனக்கு அப்போது பத்து வயது. பொதட்டூர்பேட்டையைச் சேர்ந்த நெசவாளர் ஒருவர் முன்சக்கரத்தைச் சரிசெய்யச் சைக்கிளைக் கொடுத்துவிட்டுப் போனார். கிருத்திகைக் கூட்டத்தில் கடையில் மூச்சுவிட நேரமில்லை. மாலையில் வந்து காசு கொடுத்து வண்டியை எடுத்துச் சென்றார். இரவு செய்தி வந்தது: வழியில் முன்சக்கரம் கழன்று, மனிதர் தலைகுப்புற விழுந்து, வலது முழங்கை முறிந்துவிட்டது. சக்கரத்தை மாட்டியவர்கள் அச்சின் நட்டை முடுக்காமல் விட்டிருந்தார்கள்.

மறுநாள் கூட்டம் அலைமோதும் நாள். அத்தா கடையைப் பூட்டிவிட்டுப் பொதட்டூர்பேட்டைக்குப் போனார்கள். மாவுக்கட்டுச் செலவைக் கொடுத்தார்கள். நெசவாளி கை முறிந்தால் தறி நிற்கும். தறி நின்றால் அடுப்பு நிற்கும். அவர் மீண்டும் தறியில் உட்காரும்வரை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவருடைய வாரக் கூலியை அத்தா கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள். அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் குழம்பு தண்ணீராய் இருந்தது எனக்கு நினைவிருக்கிறது.

அம்மா ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கேட்டார்கள்: “நட்ட முடுக்காதது பையன்தானே? முழுக் கூலியையும் நீங்க ஏன் தரணும்?”

அத்தா சொன்ன பதில் இது: “கடைக்கு அந்தப் பையன் பேரா வச்சிருக்கு? தவறினது என் கடைக் கை. அதுக்கு அந்த மனுசனோட கை விலை கொடுக்கணுமா?”

எந்தப் பையன் என்று அத்தா கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதற்கு மூன்றரை ஆண்டுகளுக்கு முன்பே, 1986 டிசம்பர் 24இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றிருந்தது. அத்தாவுக்கு அது தெரியாது; நெசவாளருக்கும் தெரியாது. தெரியவேண்டிய தேவை இருவருக்கும் நேரவில்லை.

இனி 2022க்கு வருகிறேன். அம்மாவின் மருத்துவத்துக்காகவே பழைய கார் ஒன்று வாங்கியிருந்தேன். மகிழுந்து என்று வகுப்பில் சொல்வோம். பட்டறையில் அச்சொல் செல்லாது. ஓட்டத்தில் வெப்பமுள் ஏறத் தொடங்கியது. அத்தாவின் கடையில் பையனாக இருந்து, பின் கார் வேலை கற்று, சொந்தமாகப் பட்டறை வைத்துள்ள ஒருவரிடம் விட்டேன். அவர் என்னைத் தம்பி என்பார். நான் அண்ணன் என்பேன். அவர் பெயரும் பட்டறைப் பெயரும் இங்கே வேண்டா. ஹெட் கேஸ்கட் போய்விட்டது, வாட்டர் பம்ப் தேய்ந்துவிட்டது, இரண்டும் புதிதாகப் போட வேண்டும் என்றார். மொத்தம் 18,400 ரூபாய் ஆயிற்று. பில் கேட்டேன்.

“நமக்குள்ள எதுக்கு தம்பி பில்லு?” என்று சிரித்தார்.

ஆசிரியத் தொழிலின் பழக்கம், எதையும் எழுத்தில் கேட்பது. வற்புறுத்தினேன். பட்டறைப் பெயர் அச்சிட்ட தாளில் ‘வாட்டர் பம்ப் புதிது – 1’ என்பது முதலாக வரிசையாக எழுதித் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கழற்றிய பழைய பம்பைக் கேட்கும் அறிவு அன்று எனக்கு இல்லை.

இருபத்துநான்காம் நாள் அம்மாவுக்குச் சென்னையில் கண் அறுவை. நான்கு மாதம் காத்திருந்து கிடைத்த நாள். கனகம்மாசத்திரம் அருகே முள் மேலேறியது, ஆவி வந்தது, எஞ்சின் நின்றது. எழுபத்திரண்டு வயதான தாய் நெடுஞ்சாலைப் புழுதியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். அறுவைக்குரிய நேரம் தவறியது. மறுநாள் கிடைக்குமா என்று கேட்டோம். இரண்டு மாதம் கழித்துத்தான் கிடைத்தது. அந்த இரண்டு மாதமும் காலையில் நாளிதழை விரித்து, பெரிய எழுத்துத் தலைப்பை மட்டும் தடவிப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு அம்மா மடித்து வைப்பதை நான் கண்டேன்.

காரைத் திருவள்ளூரில் வேறொரு பட்டறைக்கு இழுத்துச் சென்றோம். அங்கிருந்த மெக்கானிக் வாட்டர் பம்பைக் கழற்றி என் கையில் வைத்தார். வெளியே பளபளவென்று வெள்ளிப் பூச்சு, உள்ளே துரு, தண்டைப் பிடித்து ஆட்டினால் ஆடியது. “இது புதுசு இல்ல சார். பழசுக்குப் பெயிண்ட் அடிச்சிருக்காங்க” என்றார். சூட்டில் சிலிண்டர் ஹெட் வளைந்திருந்தது. பழுது நீக்க 31,600 ரூபாய். இழுத்து வந்ததற்கு 3,500 ரூபாய். கண்டதை எழுதித் தருமாறு கேட்டேன். “ஒரே தொழில்ல இருக்கோம் சார்” என்று தயங்கினார். என் தாயைச் சாலையோரத்தில் உட்கார வைத்ததைச் சொன்னேன். பேசாமல் தாளை வாங்கி எழுதிக் கொடுத்தார். அந்தப் பம்பைக் கோணிப்பையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதுவே எனக்கு மற்றொரு சிலம்பு.

ஊருக்கு வந்து அண்ணனைப் பார்த்தேன். முதலில் ‘வண்டி பழசு’ என்றார். பம்பைக் காட்டினேன். முகம் மாறியது. “பையன் பண்ணிட்டான் தம்பி. எனக்குத் தெரியாது. அவனும் வேலைய விட்டுப் போயிட்டான்” என்றார். இரண்டாயிரம் ரூபாயை எடுத்து நீட்டினார். நான் வாங்கவில்லை.

வீட்டில் அம்மா, “அத்தாகிட்டத் தொழில் கத்துக்கிட்டவன், விட்டுடுப்பா” என்றார்கள். கல்லூரியில் நண்பர்கள் நகைத்தனர். விட்டுவிடலாம் என்றே எண்ணினேன். எதிர்வீட்டில் இருக்கும் ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் நடந்ததைக் கேட்டுவிட்டு, “நீங்களே விட்டுட்டா நாங்க எங்க சார் போறது?” என்றார். பிறகுதான் தம் கதையைச் சொன்னார். எஞ்சினைப் பிரித்துப் புதுப் பிஸ்டன் போட்டதாகச் சொல்லி வேறொரு பட்டறையில் 9,000 ரூபாய் ரொக்கமாக வாங்கியிருக்கிறார்கள். பத்தாம் நாளே எஞ்சின் பிடித்துக்கொண்டது. போய்க் கேட்டால், ‘இந்த வண்டியை நாங்கள் பார்த்ததே இல்லை’ என்று விடை. பதினொரு நாள் வண்டி ஓடவில்லை. வட்டிக்கு வாங்கி வேறிடத்தில் சரிசெய்தார். மகளின் பள்ளிக் கட்டணம் அந்தப் பருவம் கட்ட முடியவில்லை. அவரிடம் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. மறுநாள் முதல் நூலகத்தில் சட்ட நூல்களைப் புரட்டத் தொடங்கினேன். தமிழ் படித்தவனுக்குச் சட்டம் அயலானது என்று எண்ணியிருந்தேன். புரட்டப் புரட்ட நெடுநாள் அறிந்த குரலே கேட்டது.

பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணிச் செய்வதே வாணிகர்க்கு வாணிகம் என்று நடுவுநிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்தார். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 151ஆம் பிரிவில் சொல்வதும் ஏறத்தாழ அதுவே: ஒருவர் பொருளைத் தம் பொறுப்பில் ஏற்றவர், இயல்பான அறிவுள்ள மனிதர் தம் சொந்தப் பொருளைக் காக்கும் அளவுக்கு அதைக் காக்க வேண்டும். பட்டறையில் விட்ட வண்டி அவ்வாறு ஒப்படைத்த பொருளே. அதே சட்டத்தின் 170ஆம் பிரிவு, செய்த வேலைக்குரிய கூலி வரும்வரை பொருளைத் தம்மிடமே நிறுத்திவைக்கும் உரிமையைத் தொழிலாளிக்கு அளிக்கிறது. கூலி தராதவன் வண்டியை எடுக்க முடியாது. அறம் இருபக்கமும் சமமாக நிற்பதைக் காணலாம். இன்னும் முன்னே சென்றால், ஏறத்தாழ 3,750 ஆண்டுகளுக்கு முற்பட்ட பாபிலோனிய மன்னன் அம்முராபியின் சட்டத்தொகுப்பில், படகு செய்து தந்தவன் வேலை உறுதியற்றதாகி ஓராண்டுக்குள் குறை வெளிப்பட்டால் தன் செலவிலேயே அதை உறுதியாக்கித் தர வேண்டும் என்றுள்ளது. படகு காராக மாறியிருக்கிறது, நீதி மாறவில்லை.

ஆனால் 1872இன் சட்டத்தை நம்பி வழக்காட வேண்டுமானால் உரிமையியல் நீதிமன்றம், முத்திரைக் கட்டணம், வழக்கறிஞர், ஆண்டுகள் என்று வரிசை நீளும். இரண்டாயிரம் மூவாயிரம் இழந்தவர் அந்த வாசலை மிதிப்பாரா? அந்த வாசலைத் தாழ்த்தி அமைத்ததே 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெருமை. 2020 சூலை 20 முதல் அதனிடத்தில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. அதன் செய்திகளுள் பட்டறைக்குரியவற்றை மட்டும் இங்கே தொகுத்துரைக்கிறேன்.

காசு பெற்றுக்கொண்டு செய்த வேலையில் கவனக்குறைவு இருந்தால் அது சேவைக் குறைபாடு. பழைய பொருளையோ புதுப்பித்த பொருளையோ புதிது என்று காட்டுவது முறையற்ற வணிக நடைமுறை. பில்லோ ரசீதோ கொடுக்காமையும் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறையே. ‘நமக்குள்ள எதுக்கு பில்லு’ என்னும் அன்பு மொழிக்குச் சட்டத்தில் இடமில்லை. குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிட வேண்டும், எங்களுக்குத் திருவள்ளூர். கொடுத்த விலை ஐந்து இலட்சத்துக்கு உட்பட்டதாயின் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. தாமே நின்று பேசலாம். அறிவிப்புப் பெற்ற எதிர்தரப்பினர் 30 நாளில் பதில் தர வேண்டும். மிஞ்சினால் இன்னும் 15 நாள். குறையை நீக்கு, பணத்தைத் திருப்பிக் கொடு, இழப்பீடு கொடு என்று ஆணையிடும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. ஆணையை மதியாதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையோ, 25,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒரு இலட்சம் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

எங்களைப்போல் எல்லையில் வாழ்வோருக்குப் பெரிதும் பயன்படும் ஒன்றும் உண்டு. பழைய சட்டத்தில் எதிர்தரப்பினர் இருக்குமிடத்திலோ குறை நேர்ந்த இடத்திலோதான் முறையிட வேண்டும். இப்போது முறையிடுபவர் வசிக்கும் இடத்திலும் பணியாற்றும் இடத்திலும் முறையிடலாம். நகரியிலிருந்து வந்து திருத்தணியில் ஏமாந்தவர் தம் மாவட்டத்திலேயே நீதி கேட்கலாம். எல்லைக் கல் ஏமாற்றுக்குத் தடுப்புச் சுவராக இனி உதவாது.

ஆட்டோ ஓட்டுநருக்கும் இச்சட்டம் உண்டா என்று தேடினேன். வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவர் நுகர்வோர் அல்லர் என்பது பொதுவிதி. ஆயினும் சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் பொருளை வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது. 1995இல் லட்சுமி எஞ்சினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், பிழைப்புக்காகத் தானே ஓட்டுவதற்கு ஆட்டோ வாங்குபவர் நுகர்வோரே என்று எடுத்துக்காட்டுடன் விளக்கியது. ஆக, எதிர்வீட்டுக்காரருக்கும் வாசல் திறந்தே இருக்கிறது. உள்ளே கொண்டுசெல்ல அவர் கையில் சிலம்பு இல்லை.

நான் அண்ணனுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். முதல் வரைவில் ‘நீரேற்றி’ என்றும் ‘பொறித்தலை’ என்றும் எழுதினேன். இதைப் படித்து அவருக்கு என்ன புரியும் என்று எண்ணிக் கிழித்துவிட்டு, வாட்டர் பம்ப், சிலிண்டர் ஹெட் என்றே எழுதினேன். கோபச் சொல் ஒன்றும் சேர்க்கவில்லை. தேதி, தொகை, நடந்தது, கண்டது, கேட்பது என்று ஐந்து பத்திகள். முதலில் கொடுத்த 18,400 ரூபாயை நான் திருப்பிக் கேட்கவில்லை. முறையாக வேலை நடந்திருந்தால் அது நான் செலவிட வேண்டியதே. அவ்வேலை முறையாக நடவாததால் நேர்ந்த 31,600 ரூபாயையும் 3,500 ரூபாயையும் சேர்த்து 35,100 ரூபாய் கேட்டேன். என் தாயின் இரண்டு மாதத்துக்கு விலை போடும் கணக்கு எனக்குத் தெரியவில்லை. பதினைந்து நாளில் பதில் வாராவிடில் அதை ஆணையம் போடட்டும் என்று முடித்தேன். பில், திருவள்ளூர் மெக்கானிக்கின் குறிப்பு, படங்கள் ஆகியவற்றின் நகலை இணைத்து ஒப்புகை அட்டையோடு பதிவஞ்சலில் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் நடந்து சென்று கொடுக்கக்கூடிய கடிதம். அஞ்சல் நிலையத்தில் அதை நீட்டும்போது கை கூசியது உண்மை.

பன்னிரண்டாம் நாள் மாலை அண்ணன் வீட்டுக்கு வந்தார். திண்ணையில் உட்கார்ந்தார். தேநீரைத் தொடவில்லை. நெடுநேரம் கழித்து, உள்ளே இருந்த அம்மாவுக்கும் கேட்கும்படி பேசினார்.

“பொதட்டூர்பேட்டைக்காரர் சைக்கிள்ல அன்னிக்கு நட்ட முடுக்காம விட்டது நான்தான் தம்பி. பாய்க்குத் தெரியும். என்ன ஒரு வார்த்தை கேக்கல. ஒவ்வொரு வெள்ளியும் என்னையும் பின்னால உக்கார வச்சிக் கூட்டிட்டுப் போவாரு. காச அந்த வீட்டுல கொடுக்குறப்ப நான் நின்னு பாக்கணும். அவ்வளவுதான் தண்டன.”

சற்று நிறுத்திவிட்டு, “பையன் பண்ணிட்டான்னு உங்ககிட்டச் சொன்னேன் பாருங்க, அன்னிலேருந்து எனக்குச் சோறு இறங்கல” என்றார்.

35,100 ரூபாயை மூன்று தவணையாக, மாதம் 11,700 வீதம் கொடுத்தார். ஒவ்வொரு முறையும் நான் ரசீது எழுதிக் கொடுத்தேன். அவர் வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். உறவு முறிந்துவிடும் என்று அஞ்சியவன் நான். கேட்காமல் விட்டிருந்தால்தான் அது முறிந்திருக்கும். அவர் பட்டறையைக் கடக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாழ்நாள் முழுவதும் போயிருப்பேன். இப்போதும் என் காரை அவரே பார்க்கிறார்.

இக்கதையைச் சொல்லி, மனச்சான்று உள்ளவரிடம் எல்லாம் சரியாகிவிடும் என்று முடித்துவிடலாம். அது அரைகுறை உண்மையாகும். அவர் மனச்சான்று விழித்தது, பதிவஞ்சல் போய்ச் சேர்ந்த பிறகு. இரண்டாயிரத்தை நீட்டிய நாளில் அது உறங்கியது. அறமும் சட்டமும் ஒன்றையொன்று எழுப்ப வேண்டியிருக்கிறது.

இது நம் ஊர்க்குறை மட்டுமன்று. 1941இல் அமெரிக்காவின் ‘ரீடர்ஸ் டைஜஸ்ட்’ இதழ் ஒரு சோதனை நடத்தியது. நல்ல நிலையிலுள்ள காரில் ஒரு கம்பியை மட்டும் கழற்றிவிட்டு, நாடெங்கும் 347 பட்டறைகளுக்குக் கொண்டுசென்றனர். கம்பி கழன்றிருப்பதைக் கண்டு நேர்மையாகச் சொன்னவை 129. ஏனைய 218 பட்டறைகளும் தேவையற்ற வேலைகளைச் சொல்லியோ வேறு வகையாலோ ஏமாற்றின. பிற்காலத்தில் கலிபோர்னியா மாநிலம் 1971இல் வாகனப் பழுதுபார்ப்புக்கென்றே தனிச்சட்டம் இயற்றியது. வேலை தொடங்கும் முன் மதிப்பீட்டை எழுதித் தந்து வாடிக்கையாளரின் இசைவைப் பெற வேண்டும். கேட்டால் கழற்றிய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும். செய்த வேலைக்கும் போட்ட பாகத்துக்கும் பில் தர வேண்டும். மூன்றும் எளிய விதிகள். மூன்றும் சான்றைப் பற்றியவை என்பது நோக்கத்தக்கது.

பட்டறைக்காரர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். அவர்கள் வாங்கும் பாகத்திலேயே போலி கலந்திருக்கிறது. ஐ.டி.ஐ.யில் முறையாகப் பயின்றவர் சிலர். அடி வாங்கித் தொழில் கற்றவர் பலர். மழையிலும் வெயிலிலும் வண்டியின் அடியில் மல்லாந்து கிடப்பவர் வாழ்வு எளிதன்று. நேர்மையான மெக்கானிக்குக்கு இழப்பீட்டுச் சட்டம் பகையாகாது. பூச்சடித்த பழைய பம்பைப் புதிதென்று விற்பவன் குறைந்த விலை சொல்லி வாடிக்கையாளரை இழுத்துக்கொண்டால், புதிது போடுபவன் கடையை மூட வேண்டியதுதான். தவறியவனைத் தண்டம் கட்ட வைப்பது தவறாதவனுக்குச் செய்யும் உதவியே.

என் அனுபவம் கற்பித்தவற்றை மாணவச் செல்வங்களுக்குச் சொல்லி அமைகிறேன். வண்டியை விடும்போது என்ன வேலை, என்ன செலவு என்று எழுதி வாங்குங்கள். கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். இயலாவிடில் கைப்பேசி வழியாகவாவது செலுத்துங்கள், அதுவும் ஒரு தடயம். மீண்டும் பழுது நேர்ந்தால் வேறொருவரைக் கொண்டு பிரிக்கும் முன் முதல் பட்டறைக்கு எழுத்தில் தெரிவியுங்கள். நான் அதைச் செய்யத் தவறினேன். பிரிப்பவரிடம் கண்டதை எழுதி வாங்குங்கள். 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை நினைவில் வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. தமிழ் படித்து என்ன செய்யப்போகிறோம் என்று என்னிடம் கேட்கும் மாணவர்கள் பலர். எதிர்வீட்டு ஆட்டோ ஓட்டுநருக்கு வாதம் இருந்தது, இழப்பு இருந்தது, சட்டமும் இருந்தது. நடந்ததை நடந்தபடி ஐந்து பத்தியில் எழுதித் தர அன்று அருகில் ஆள் இல்லை. வேலையைக் கொடுக்கும்போதே எழுதி வாங்கு என்று சொல்லவும் ஆள் இல்லை. நான் எதிர்வீட்டில்தான் இருந்தேன், கேட்டறியவில்லை. தெளிவான தமிழில் ஒரு முறையீடு எழுதத் தெரிந்தவன் தன் தெருவுக்கு அரணாக நிற்கலாம்.

அவருக்கு அந்த 9,000 ரூபாய் கடைசிவரை திரும்பவில்லை. இப்போது அவர் பஞ்சர் ஒட்டினால்கூடச் சீட்டு கேட்கிறார், கடைக்காரர்கள் சிரிக்கிறார்கள், ஆனால் எழுதிக் கொடுக்கிறார்கள். அண்ணனின் பட்டறைச் சுவரில் சிவப்பு எழுத்தில் ஒரு பலகை தொங்குகிறது: ‘கழற்றிய சாமான்களைக் கேட்டு வாங்கிச் செல்லவும்.’ எழுத்துப்பிழை இருக்கிறதா பார் என்று என்னிடம் காட்டினார். ஒன்றும் இல்லை.